கொடைமடமும் கம்பளி ஆடையும்
(போரால் இடம்பெயர்ந்தார்க்குப் பழைய ஆடை ஈதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி)

முகவுரை

மழைவளம் மிக்க மலைச்சாரலில் மயிலொன்று அகவக் கேட்டு, அது குளிரால் வருந்துகின்றதென்று இரங்கித் தன் போர்வையை அதற்கு ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகன் வரலாற்றை அறியாத தமிழ் மாணவர் இலர். பழனிமலையைச் சூழ்ந்த நாட்டை ஆண்ட அவ்வள்ளலைச் சிறுபாணாற்றுப்படை எழுவர் வள்ளல்களுள் ஒருவனாக எண்ணுகின்றது. பரணர் என்னும் புலவர் புறநானூற்றுள் அவன் ஈகையைப் பாராட்டுங்கால் கொடைமடம் என்னும் சொல்லை ஆள்கின்றார். மடம் என்பது அறியாமை. பெறுவோர்க்கு அப்பொருள் வேண்டுமோ, வேண்டாவோ என ஆராயாது, இரக்கம் தூண்டியவாறே கொடுத்துவிடுதல் கொடைமடமாம். புலவர் உலகில் இஃது இகழ்ச்சியன்று, புகழேயாம்.

மயிலுக்கு இயற்கை அளித்த தோகையும் இறகும் உண்டு. பேகனது போர்வையால் அதற்கு நன்மை விளைந்திராவிடினும் தீங்கொன்றும் விளைந்திராது. ஆனால், போரினால் வீடிழந்து, நாடிழந்து, பனிக்காலத்தில் கூடாரத்தில் ஒடுங்கியிருக்கும் ஒரு தாய்க்கும் அவள் குழந்தைக்கும் நாம் அனுப்பும் ஆடை அத்தகையதன்று. அது பொருந்துமாயின் உயிர் காக்கும். பொருந்தாதாயின் அவர்தம் இடத்தையும், தொண்டர்தம் காலத்தையும், ஏற்றிச் செல்லும் வண்டியையும் வீணே கவர்ந்துகொள்ளும். ஆதலின், பழைய ஆடையை ஈயும் அறத்தில் கொடைமடம் எவ்வளவிற்கு இடம்பெறலாம் என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருளாகும்.

1. குளிரும் உடலும்

வெப்ப நாட்டிற் பிறந்த நமக்கு ஆடை பெரும்பாலும் மானத்தைக் காப்பதொன்றாகவே தோன்றும். குளிர் நாட்டினர்க்கோ அஃது உணவுக்கு அடுத்த நிலையில் நிற்கும் பொருளாகும். மக்கள் உடலின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி சென்டிகிரேட். உள்ளுடலின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழ் இறங்குமாயின் உடல் நடுங்கும். பின்னர் அறிவு தடுமாறும். மேலும் குறையின் நடுக்கமும் ஓய்ந்து உயிருக்கே இறுதி நேரும்.

கம்பளி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலினின்றும் எழும் வெப்பம் வெளியே ஓடிவிடாதவாறு தடுப்பதே அதன் தொழில். ஆட்டு மயிர் இயல்பாகவே சுருளுடையது. அச்சுருள்களின் இடையே காற்று அசைவின்றித் தங்கும். அசையாத காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. அன்றியும், கம்பளி தன் எடையில் ஏறக்குறையப் பத்தில் மூன்று பங்கு ஈரத்தை உட்கொண்டும் உடலில் ஈரம் படாதவாறு நிற்க வல்லது. பருத்தியோ நனைந்தவுடன் உடலோடு ஒட்டிக்கொண்டு வெப்பத்தை விரைவில் இழப்பிக்கும். ஆதலால் நம் நாட்டில் நல்லாடை எனப்படும் பருத்திச் சட்டை, பனியும் மழையும் கலந்து பெய்யும் நாட்டில் தனித்துப் பயன்படுவதன்று. தடித்த ஆடை ஒன்றினும் மெல்லிய ஆடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிதல் நன்று. ஏனெனில், அவற்றின் இடையிடையே காற்று அடைபட்டு நிற்கும். மேலாடை காற்றையும் நீரையும் உட்புகவிடாததாயிருத்தல் வேண்டும். தலை, கை, கால் ஆகிய உறுப்புக்களை மறைக்கும் குல்லாவும் கையுறையும் மேஜோடும் சிறு பொருள்களாயினும் பெரும் பயன் தருவன.

குழந்தைகளின் உடல், எடையை நோக்கப் பரப்பு மிகுந்தது. ஆதலின் அவர்கள் விரைந்து குளிர்ச்சியடைவர். முதியோர் உடல் வெப்பத்தைக் குறைவாகவே தோற்றுவிக்கும். பசியால் மெலிந்தார் உடலும் அத்தகையதே. போரால் இடம்பெயர்ந்து வருவோருள் இம்மூவகையினரும் மிக்கிருத்தலை மறத்தலாகாது.

2. இரண்டாம் உலகப்போரும் ஆடைத் தொண்டும்

1939-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் சோவியத்துப் படைகள் பின்லாந்து நாட்டின்மேற் சென்றன. 1940 மார்ச்சு 13-இல் அப்போர் ஓய்ந்தது. கரேலியா என்னும் பகுதி பின்லாந்தின் கையினின்றும் நீங்கவே, அப்பகுதியில் வாழ்ந்த 4 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் தம் வீட்டையும் நிலத்தையும் விட்டு மேற்கு நோக்கிப் பெயர்ந்தனர். அந்தக் குளிர்காலமோ மிகக் கொடியது. சில இடங்களில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 40 டிகிரிக்கும் தாழ்ந்தது. அத்தகைய பனியில், உடுத்த ஆடையன்றி மாற்றாடை இல்லாதார் நிலை எத்தகையதென்று விரித்துரைத்தல் வேண்டா.

போர் பரவப் பரவ ஐரோப்பா முழுவதிலும் இந்நிலையே உண்டாயிற்று. நெசவாலைகள் சில குண்டுகளால் இடிந்தன. எஞ்சியவை படைகளுக்குச் சீருடை நெய்தன. பஞ்சும் கம்பளி மயிரும் கடல்கடந்து வருதல் அரிதாயிற்று. போரில் வென்ற பிரிட்டனிலேயே 1941 ஜூன் முதல் 1949 மார்ச்சு வரையில் ஆடைகட்குப் பங்கீடு நடந்தது. வென்ற நாட்டின் நிலை இதுவாயின், படையெடுப்பிற்கு ஆளாகிய நாடுகளின் நிலையை அளவிட்டறியலாம். கையிற் பணம் இருந்தும் கடையில் துணி இல்லை.

இவ்வின்னலைக் கருதி 1943 நவம்பர் 9-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, ஐக்கிய நாடுகளின் நிவாரண புனர்வாழ்வு நிர்வாகம் என்னும் நிலையத்தைத் தோற்றுவித்தனர். கையெழுத்திட்ட நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அந்நிலையத்தின் முதல் தலைவர் ஹெர்பர்ட் லீமன் என்பார். புதுத் துணி போதாமையை உணர்ந்த அமெரிக்க மக்கள் 1945 ஏப்பிரலில் நாடெங்கும் பழைய ஆடைகளைத் திரட்டும் முயற்சி ஒன்றைத் தொடங்கினர். கப்பற் கட்டுந் தொழிலிற் பெயர்பெற்ற ஹென்றி கைசர் அதற்குத் தலைமை தாங்கினார். திரட்ட வேண்டுமென்று அவர்கள் குறித்துக்கொண்ட அளவு 15 கோடி பவுண்டு எடை. அஃதாவது ஏறக்குறைய 68,000 டன். 1946 ஜனவரியில் மீண்டும் ஒரு முயற்சி நடந்தது. அதில் 10 கோடி ஆடைகள் திரட்டக் கருதியதோடு, பெறுவோர்க்கு அன்பு கூறிச் சிறு கடிதமொன்று எழுதி ஆடையோடு வைக்குமாறும் மக்களை வேண்டினர்.

1945-ஆம் ஆண்டு முயற்சியின் விளம்பரத் தாள்களில் ஒரு வினா அச்சிடப்பட்டிருந்தது. நும்மால் விடத்தக்கதாய், அவர்களால் உடுக்கத்தக்கதாய் உள்ளது யாது என்பது அதன் கருத்து. இவ்வினா இரண்டு பகுதிகளை உடையது என்பதை மாணவர் கூர்ந்து நோக்குக. முதற்பகுதி ஈவோனை நோக்கியது. இரண்டாம் பகுதி ஏற்போனை நோக்கியது. முதற்பகுதியோடு நின்றுவிடுவது கொடைமடம். இரண்டையும் ஒருங்கே வினவுவது அறிவோடு கூடிய கொடை.

3. ஒரே செயல், வேறு வேறு பயன்

1945-இல் பெருநன்மை விளைத்த ஒரு செயல் எக்காலத்தும் எவ்விடத்தும் அவ்வாறே நன்மை விளைக்கும் என்று கொள்ளுதல் பிழையாம். 2022 பிப்ரவரி 24-ஆம் நாள் ரஷ்யப் படைகள் உக்ரைன் நாட்டில் முழுவீச்சில் புகுந்தபின், ஐந்து வாரத்துக்குள் 40 லட்சத்துக்கு மேற்பட்டோர் எல்லை கடந்தனர். அவருட் பலர் போலந்து நாட்டை அடைந்தனர். குளிர் நீங்காத காலமாதலின் அண்டை நாட்டு மக்கள் இரக்கம் மேலிட்டு ஆடைகளைக் கொணர்ந்து குவித்தனர். முதற்சில நாட்களில் அவை பயன்பட்டன என்பதில் ஐயமில்லை. கையில் ஒரு பையோடு வந்த குழந்தைக்கு அந்நேரத்தில் கிடைத்த கம்பளிச் சட்டையே பெருஞ்செல்வம். ஆனால், போலந்தின் கடைகள் மூடப்படவில்லை. அவற்றில் ஆடைக்குப் பஞ்சமில்லை. எனவே, நாட்கள் செல்லச் செல்ல அகதிகட்கு வேண்டுவது வேறொருவர் தெரிந்தெடுத்த ஆடையன்று, தாமே தெரிந்தெடுத்து வாங்குதற்குரிய பணமே என்பது தெளிவாயிற்று. ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிலையமும் அங்கே பணவுதவியை மேற்கொண்டது. அன்றியும், உக்ரைன் நாட்டு ஆடவருள் படைக்குரிய வயதினர் நாட்டை விட்டு நீங்கலாகாதென்ற விதி இருந்தமையின், வந்தோருட் பெரும்பாலார் பெண்டிரும் சிறுவருமே. அவர்கட்கு ஆடவர்தம் பழைய மேற்சட்டைகளை மூட்டை மூட்டையாக அனுப்பினால் யாது பயன்?

ஆகவே, கடையில் துணி இல்லாவிடத்துத் துணி ஈக. துணி இருந்து கையிற் பணம் இல்லாவிடத்துப் பணம் ஈக என்பது இவ்விரு வரலாறுகளும் உணர்த்தும் முதற்பாடமாகும். பணத்தால் வேறொரு நன்மையும் உண்டு. அஃது அவ்வூர்க் கடைக்காரரையும் தையற்காரரையும் வாழ்விக்கும். இலவச மூட்டைகளோ அவர்தம் பிழைப்பைக் குலைத்தலும் கூடும்.

இனி, நம் கண்முன்னே நிகழ்ந்ததொன்றைக் கூறுதல் பொருந்தும். அது போரால் விளைந்த இடுக்கண் அன்று, கடல் விளைத்தது. ஆயினும் ஆடைத் தொண்டின் இயல்பை நன்கு விளக்குவது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கடற்கரையை அழித்தபோது யான் மாணவனாயிருந்தேன். விடுதி அறைதோறும் சென்று துணி திரட்டினோம். என் பங்காகப் பித்தான் அற்ற சட்டைகள் இரண்டையும் முழங்காலில் நைந்த காற்சட்டை ஒன்றையும் கொடுத்து மனநிறைவு எய்தினேன். சின்னாட் கழித்துத் தொண்டர் குழுவோடு நாகப்பட்டினம் சென்றபோது, சாலையின் இருமருங்கும் பழந்துணிகள் சேற்றில் மிதிபட்டுக் கிடந்தன. கடலில் உழைத்துத் தம் கையால் ஈட்டி உடுத்த மக்கள் பிறர் கழித்த கந்தையைத் தொட விரும்பிலர். அங்கே ஒரு முதிய மீனவர் எம்மை நோக்கி, "தம்பிகளா, எங்க வீடுதான் போச்சு, மானம் போகலையே" என்றார். அச்சொல் இன்றுவரையில் என் செவியில் ஒலிக்கின்றது. அக்குவியலில் என் சட்டையும் கிடந்ததோ என்னும் எண்ணம் என்னை விட்டகன்றிலது.

அவ்வாறு கழிக்கப்பட்ட துணிகளைப் பின்னர் கூஞ்ச் என்னும் தொண்டு நிறுவனத்தார் எடுத்து, பிரித்துப் பகுத்து, பெண்டிர்க்கு மாதவிலக்குக் காலத்தில் வேண்டும் துணிகளாகவும் பிறவாகவும் ஆக்கிப் பயன்படுத்தினர். 1999-இல் அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த அன்ஷு குப்தா 2015-இல் மகசேசே பரிசு பெற்றார். பயனற்றதாய்க் கிடந்த துணி, பெறுவோர் தேவையை வினவியபின் பயனுடைய பொருளாயிற்று. துணி வேறுபடவில்லை, ஈவோர் நோக்கமே வேறுபட்டது.

4. ஈவோர் அறிந்துகொள்ள வேண்டுவன

மேற்கூறியவற்றால் பழைய ஆடை ஈதல் தகாது என்று எவரும் கருதற்க. தக்கவாறு ஈதல் வேண்டும் என்பதே கருத்து. அதற்குரிய முறைகள் சில வருமாறு:

முதலாவது, இடமும் பருவமும் அறிதல். அரபு நாடுகள் யாவும் வெப்பமான பாலைவனம் என்று நம்மிற் பலர் எண்ணுவர். 2011-இல் சிரியாவிற் போர் மூண்டபின் லட்சக்கணக்கானோர் லெபனான் நாட்டிற் புகுந்து, பெக்கா என்னும் மலையிடைப் பள்ளத்தாக்கிற் கூடாரமிட்டு வாழ்ந்தனர். அஃது ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே பனி பெய்யும். 2015 ஜனவரியிலும் 2019 ஜனவரியிலும் வீசிய பனிப்புயல்களில் கூடாரங்கள் பனியிலும் வெள்ளத்திலும் அமிழ்ந்தன. நிலப்படத்தையும் தட்பவெப்பத்தையும் அறியாதார் இவர்கட்கு மெல்லிய துணியை அனுப்புவர். பூகோளப் பாடமும் அறத்திற்குத் துணையாதலை இதனால் உணரலாம்.

இரண்டாவது, கேட்டபின் கொடுத்தல். களத்தில் தொண்டு செய்வாரை வினவி, எவ்வகை, எவ்வளவு, எந்நாளில் வேண்டுமென்று அறிந்த பின்னரே திரட்டத் தொடங்குதல் வேண்டும். குளிர்காலத்து ஆடை வேனிற்காலத்திற் சென்று சேருமாயின் அது கிடங்கிற்குச் சுமையேயாம்.

மூன்றாவது, துவைத்தலும் செப்பனிடுதலும். அகதிகள் வாழும் கூடாரத்தில் துவைப்பதற்கு நீரும் உலர்த்துவதற்கு இடமும் அரிது. ஆதலின் ஆடை துவைத்து, நன்கு உலர்த்தி, பித்தான் தைத்து, கிழிந்தவிடம் செப்பனிட்டு, பெற்றவுடன் அணியத்தக்கதாய் இருத்தல் வேண்டும். ஈரத்தோடு கட்டிய ஒரு சட்டை மூட்டை முழுவதையும் பூஞ்சணம் பிடிக்கச் செய்துவிடும். கம்பளியை வெந்நீரில் துவைத்தால் அது சுருங்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

நான்காவது, வகைப்படுத்துதல். ஆடவர், பெண்டிர், சிறுவர், கைக்குழந்தைகள் என்றும், பெரிது சிறிது என்றும் பிரித்து, ஒவ்வொரு சிப்பத்தின் மேலும் உள்ளிருப்பது யாதென எழுதுதல் வேண்டும். சப்பாத்துக்களை இணை இணையாக வாரினாற் பிணைத்தல் வேண்டும். ஒற்றைச் சப்பாத்து எவர்க்கும் உதவாது. வகைப்படுத்தாத மூட்டை ஒன்று களத்திற் சென்று சேருமாயின், நோயாளிக்கு மருந்தளிக்க வேண்டிய தொண்டர் துணி பிரித்துக்கொண்டிருக்க நேரும்.

ஐந்தாவது, வழக்கம் அறிதல். ஒரு நாட்டுப் பெண்டிர் அணியக் கூசும் ஆடையை அவர்கட்கு அனுப்புதல் அவர்களை அவமதிப்பதாகும். தொண்டு நிறுவனங்கள் பல கூடி வகுத்த ஸ்பியர் என்னும் நெறிமுறை நூல், ஒவ்வொருவர்க்கும் குறைந்தது இரண்டு முழு ஆடைத் தொகுதிகள் வேண்டுமென்றும், அவை அளவிற்கும் பருவத்திற்கும் வழக்கத்திற்கும் பொருந்தியிருத்தல் வேண்டுமென்றும் விதிக்கின்றது. இரண்டு என்றது ஏனெனில், ஒன்றைத் துவைத்துலர்த்தும்போது உடுக்க மற்றொன்று வேண்டுமன்றோ?

ஆறாவது, அனுப்ப இயலாதவிடத்து விற்றுப் பணமாக்குதல். கிரேக்க நாட்டுப் பஞ்சத்தைக் கருதி 1942-இல் ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு சிறு குழு தோன்றியது. ஆக்ஸ்பாம் என்று இன்று உலகறிந்த நிறுவனம் அதுவே. மக்கள் அளித்த பழம்பொருள்களை அவ்வூரிலேயே விற்று, வந்த பணத்தைத் துன்புற்றார்க்கு உதவுமாறு, அக்குழுவினர் 1940-களின் இறுதியில் பிராட் தெருவிற் கடையொன்று அமைத்தனர். ஒருவர்க்குத் தேவையற்ற ஆடை தேவையுடைய அயலாரைச் சேர்கின்றது. அதன் விலையோ தொலைநாட்டில் கம்பளியாகவும் ரொட்டியாகவும் மாறுகின்றது. கப்பற் கூலி ஆடையின் விலையினும் மிகும்போது இதனினும் நல்வழி வேறில்லை.

முடிவுரை

இறுதியாக ஓர் ஆடையின் கதையைக் கூறி இக்கட்டுரையை முடிப்பேன். போர்க்காலத்திலும் அதன் பின்னரும் நண்பர் என்றும் வெறுநர் என்றும் பாராது தொண்டு செய்தமைக்காக 1947-ஆம் ஆண்டின் சமாதானத்துக்குரிய நோபல் பரிசு, குவேக்கர் என்னும் நண்பர் சபையாரின் இரண்டு தொண்டுக் கழகங்கட்கு அளிக்கப்பெற்றது. ஒன்று பிரிட்டனைச் சார்ந்தது. மற்றொன்று அமெரிக்காவைச் சார்ந்தது. அமெரிக்கக் கழகத்தின் சார்பில் அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஆஸ்லோ நகரிற் பரிசு பெறுதற்குச் சென்றவர் அதன் தலைவரும் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியருமாகிய ஹென்றி காட்பரி. மன்னர் முன்னிலையில் நிகழும் அவ்விழாவிற்கு, பின்புறம் வால்போல் நீண்டு தொங்கும் கறுப்புக் கோட்டு அணிந்து செல்லுதல் வழக்கம். எளிய வாழ்க்கையினராகிய காட்பரியிடம் அத்தகைய கோட்டு இல்லை. அவர் தம் கழகத்தின் ஆடைக் கிடங்கில் வினவினார். ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்டு நகரத்து வாத்தியக் குழுவினர்க்கு அனுப்புவதற்காக அத்தகைய கோட்டுக்கள் அங்கே சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றை இரவலாகப் பெற்று அணிந்து சென்று, உலகம் போற்றும் பரிசை அவர் ஏற்றார்.

இக்கதையின் நயம் அவருடைய எளிமையில் மட்டும் அடங்குவதன்று. பசியும் குளிரும் வாட்டும் நாட்டிற்கு வால்கோட்டு அனுப்புதல் அறியாமை என்று எவரும் நகைத்தற்கு இடமுண்டு. ஆனால், வாத்தியக்காரர் அவ்வாடையின்றி அரங்கேறுதல் இயலாது. அரங்கேறாவிடின் அவர்க்குத் தொழில் இல்லை. அவர்க்கு வேண்டியது யாது என்பதைக் கழகத்தார் வினவி அறிந்தனர். அதனையே தேடித் திரட்டினர். கண்டார் கண்ணுக்குக் கொடைமடம்போல் தோன்றிய அதுவே அறிவின் முதிர்ச்சியாய் முடிந்தது. அன்றியும், ஈவோர் தலைவர் தாமே அணிந்து மன்னர் முன் நிற்கத்தக்க ஆடையே ஏற்போர்க்கென்று அக்கிடங்கில் இருந்தது என்பதையும் நாம் கருதுதல் வேண்டும்.

மாணவ அன்பர்காள்! உங்கள் விடுதியிலோ ஊரிலோ ஆடை திரட்டுவார் வந்து நிற்குங்கால், பெட்டியைத் திறந்து, எதனை விட்டுவிடலாம் என்று முதலில் தேடாதீர்கள். இவ்வாடையைப் பெறுவார் யாவர், அவர் ஊரில் இப்பொழுது பனியோ வெயிலோ, இதனை யானே அணிந்து நாலுபேர் நடுவே செல்வேனோ என்று வினவுங்கள். செல்வேன் என்று நெஞ்சம் விடை கூறுமாயின், அதனைத் துவைத்து, பித்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். கூசுவேன் என்று கூறுமாயின், அதனைத் தரை துடைக்க வைத்துக்கொண்டு, இயன்ற பணத்தை அனுப்புங்கள். இருபது ஆண்டுகட்கு முன் இவ்வினாவை யான் என்னை வினவியிருப்பேனாயின், நாகப்பட்டினச் சாலையில் அம்முதியவர் முன் தலைகுனிந்து நின்றிரேன்.